வைக்கோல் மச்சான்

நீங்கள் எனக்குக் குடிக்க வைத்திருக்கும் தண்ணீர் முந்தாநாள் பிடித்தது. குறையாகச் சொல்லவில்லை. ஜாடியின் கழுத்தில், தண்ணீர் நிற்கிற கோட்டுக்கு ஒரு விரல் மேலே மெல்லிசாக ஒரு வளையம் படிந்திருக்கிறது பாருங்கள், அது இரண்டு நாள் ஆனால்தான் வரும். முப்பது வருடமாகத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவன் கண்ணுக்கு இதெல்லாம் தப்பாது. ஒன்றும் செய்யாது, குடிக்கலாம். நானும் குடிக்கிறேன்.

என் வாக்குமூலத்தை எழுதுகிற உங்கள் எழுத்தரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நான் சொல்கிற எண்களை அப்படியே எழுதட்டும். நேற்று ஓர் இடத்தில் ‘ஏறத்தாழ’ என்று சேர்த்திருந்தார். நான் என் வாழ்நாளில் எதையும் ஏறத்தாழச் சொன்னதில்லை.

ஆறு பேர் விஷயமாகத்தான் என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள். அந்த ஆறு பேரில் ஒருவர் என் தங்கையின் கணவர். நான் மழுப்பப் போவதில்லை. ஆனால் அதை மட்டும் தனியாகப் பிய்த்தெடுத்துச் சொன்னால் நான் ஏதோ கிறுக்கன் மாதிரித் தெரிவேன். அதனால் முதலில் வைக்கோலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் வேலை பாசி எண்ணுவது. நீரேற்று நிலையத்தின் மாடியில் ஓர் அறை. ஒரு கழுவுதொட்டி, குளிர்பெட்டி, மைக்ரோஸ்கோப், ஒரு சக்கரம் கழன்றுபோய் ஒன்பது வருடமாக யாரும் மாற்றாத நாற்காலி. தினமும் காலையில் ஏரியின் ஐந்து இடங்களிலிருந்து ஐந்து குப்பித் தண்ணீர் வரும். கட்டம் போட்ட கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு விட்டு, எந்தக் கட்டத்தில் எந்தப் பாசி எத்தனை என்று எண்ணி நோட்டில் ஏற்ற வேண்டும். பச்சைப் பாசி பரவாயில்லை. நீலப்பச்சைப் பாசி என்று ஒன்று உண்டு. அது விஷம் வைத்திருக்கும் ஜாதி. உயிரோடு இருக்கிறவரை விஷத்தைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். இதைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள், பிறகு தேவைப்படும்.

பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் ஏரி ஒரு கோடை முழுவதும் பெயிண்ட் கொட்டின மாதிரி கிடந்தது. குழாயைத் திறந்தால் மண்வாடை. ஊரே எங்களை வாய்க்கு வந்தபடி திட்டியது. அந்தச் சமயத்தில் ஒரு பண்ணைக்குப் போனேன். நான்கு குட்டைகளில் மூன்று பச்சை. நான்காவது குட்டையில் பார்லி வைக்கோல் கட்டு ஒன்று உருண்டு விழுந்து ஆறு மாதமாக ஊறிக்கொண்டிருந்தது. அதில் அடித்தரை தெரிந்தது. வைக்கோல் அழுகும்போது அதிலிருந்து ஒரு சாறு இறங்குகிறது. வெயில் பட்டால் அது வேறொன்றாக மாறுகிறது. இருக்கிற பாசியை அது கொல்லாது, புதிதாகப் பிறக்க விடாது. மருந்துக் கடையில் விற்காத மருந்து. இயற்கை தானே செய்து வைத்திருப்பது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை. என் வயதில் சிலருக்குக் குழந்தை பிறந்தால் அப்படி இருக்குமாம்.

தங்கை தையல்காரி. பழைய மீன்வலையை வெட்டி நாற்பது பைகள் தைத்துக் கொடுத்தாள். குளிர் முடிகிற மாதத்தில் அவற்றில் வைக்கோலைத் திணித்து, அவள் கணவர் படகில் ஏற்றிக்கொண்டு போய்க் கிழக்குக் கரையோரம் மிதவைகளில் கட்டினார். அந்தக் கோடையில் ஏரி தெளிந்தது. அடுத்த கோடையிலும். பதினோரு கோடை. செய்தித்தாளில் என் படம் வந்தது. பக்கத்து ஊர்களிலிருந்து என்ஜினியர்கள் வந்து பார்த்தார்கள். அலுவலக வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் நான் ஒரு வலைப்பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன், இன்னும் அங்கேதான் இருக்கும்.

இனி மாப்பிள்ளை. நான் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன், அவர் என்னை மச்சான் என்பார். நிலையத்தின் படகுக்காரர். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான், தங்கைக்காக. சும்மா சொல்லக்கூடாது, வேலையில் கெட்டிக்காரர். குப்பிகளில் ஒரு நாள்கூடச் சேறு கலந்து வந்ததில்லை. ஆனால் வாய் சும்மா இருக்காது. “மச்சான், ஏரிக்கு இத்தனை வைக்கோல் போடுறீங்களே, ரெண்டு மாடும் வாங்கி விட்டீங்கன்னா பாலாவது கிடைக்கும்” என்பார். பம்ப் ஹவுஸே சிரிக்கும். எனக்கு ‘வைக்கோல் மச்சான்’ என்று பெயர் வைத்தது அவர்தான். ஒரு வருடத்துக்குள் எனக்குச் சம்பந்தமே இல்லாத காவலாளிகூட என்னை அப்படித்தான் சொன்னான். மாப்பிள்ளை அதைப் பாசம் என்று நினைத்திருந்தார். நானும் சிரித்து வைத்தேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. ஏரிக்கரையில் இருக்கும் டயாலிசிஸ் சென்டரில் திங்கள், புதன், வெள்ளி காலையில் நாலு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருப்பார். பன்னிரண்டு பேர் அங்கே வருகிறார்கள். மற்ற நாட்களில் மாப்பிள்ளை படகு ஓட்டுவார். வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டார். “உக்காந்துட்டா நான் நோயாளி மச்சான். துடுப்பு பிடிச்சா படகுக்காரன்” என்பார். தங்கை அவரைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். குடிக்கிற தண்ணீரைக்கூட அளந்து கொடுப்பாள்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சமையலறை மேஜையில் ஒரு பக்கம் தையல் மிஷின், மறுபக்கம் தட்டுகள். அடுத்த கோடைக்கான வலைப்பைகளை அவள் தைக்க ஆரம்பித்திருந்தாள். மாப்பிள்ளை சாதாரணமாக, உப்பு குறைகிறது என்று சொல்கிற குரலில் சொன்னார்.

“மச்சான், கோவிச்சுக்காதீங்க. ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன். உங்க வைக்கோல் ஒண்ணும் பண்ணலை.”

நான் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

“மேற்குப் பக்கம் ஓடை வருதுல்ல, சதுப்புக் காட்டுலேர்ந்து? பால் விடாத டீ மாதிரி ஒரு தண்ணி. அது பரவுற இடத்துலதான் பாசி வரமாட்டேங்குது. நீங்க வைக்கோல் கட்டின கரையைத்தான் நான் பாக்குறேனே, ஓடைத் தண்ணி அங்க வந்து சேர்ற வரைக்கும் அங்கதான் முதல்ல பச்சை பிடிக்குது. இலை ஊறின சாறுதான் எல்லா வேலையும் பண்ணுது. பேரு மட்டும் வைக்கோலுக்கு.”

“எதை வச்சுச் சொல்றீங்க?” என்று கேட்டேன்.

“கண்ணை வச்சுத்தான். தினமும் அதுமேலதானே கிடக்குறேன். ஒரு வருஷம் வைக்கோல் போடாம விட்டுப் பாருங்களேன். தெரிஞ்சுடும்.”

தங்கை மிஷினிலிருந்து தலையைத் தூக்கினாள். “அப்போ நான் பதினோரு வருஷமா தைச்ச பையெல்லாம் தண்டமா?” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். அவரும் சேர்ந்து சிரித்தார். இரண்டு பேரும் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த வீட்டில் அவர் படுத்த பிறகு அப்படி ஒரு சிரிப்பு வந்ததே இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். மாப்பிள்ளை போய்ப் புதுக் கண்காணிப்பாளர் அம்மாவிடமும் சொல்லிவிட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை, அவருக்குக் கெட்ட எண்ணம் வராது, அதுதான் எரிச்சலே. அந்த அம்மா என்னை வரவேற்பறைக்குக் கூப்பிட்டார். “சார், இந்த வருஷம் வைக்கோல் வேண்டாம். சும்மா ஒரு சோதனைக்குத்தான். சரியா வரலேன்னா அடுத்த வருஷம் போட்டுக்கலாம்” என்றார். எனக்குப் பின்னால் சுவரில் என் படம். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் சரி மேடம் என்றேன். பதினோரு வருடத்தை ஒரு படகுக்காரரின் கண்ணை நம்பித் தூக்கிப் போட்டார்கள்.

நான் செய்தது இதுதான். ஓடை ஏரிக்குள் இறங்குவதற்கு முன்னால், மேலே காட்டுக்குள், ஒரு பழைய மதகு இருக்கிறது. மூன்று பலகைகளை இறக்கினால் ஓடை பக்கவாய்க்காலில் திரும்பி, ஏரியைத் தொடாமல் கீழே ஆற்றுக்குப் போய்விடும். என்றோ கரை பழுதுபார்க்கக் கட்டியது, எல்லோரும் மறந்துவிட்டார்கள். குளிர் முடிகிற மாதம், ஒரு விடுமுறை நாள் பிற்பகலில் நடந்தே போனேன். பலகைகள் பக்கத்திலேயே பாசி பிடித்துச் சாய்ந்திருந்தன. ஒவ்வொன்றாக இறக்கினேன். பழுப்புத் தண்ணீர் சற்று நேரம் தயங்கிவிட்டு இடது பக்கம் திரும்பியது. கையைக் கழுவிக்கொண்டு பகல் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை.

ஏரி கோடையின் மூன்றாவது வாரம் பச்சை பிடித்தது. ஐந்தாவது வாரம் நீலப்பச்சை வந்தது. காற்று வீசினால் கரையோரம் ஆடை கட்டின மாதிரி ஒதுங்கும். ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம் எண்ணினேன். இரண்டு முறை எண்ணினேன், விரல் வலித்தது. குழாயில் மறுபடி மண்வாடை. பம்ப் ஹவுஸில் யாரும் மாட்டு ஜோக் அடிக்கவில்லை. காவலாளி எழுந்து நின்று கும்பிட்டான். எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

கண்காணிப்பாளர் அம்மா மாடிப்படி ஏறி என் அறைக்கே வந்தார். “சார், நீங்க சொன்னதுதான் சரி. இப்போ வைக்கோல் போட்டா போயிடுமா?” என்று கேட்டார். போகாது, அது இருக்கிறதைக் கொல்லாது, வருமுன் போட வேண்டும் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். உடனே அவர் மயில்துத்தம் தூவச் சொன்னார். அந்த நீலக் கல் பாசியைக் கொல்லும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் செத்த பாசி உடையும். உடைந்தால் வயிற்றுக்குள் இருந்த விஷம் அத்தனையும் தண்ணீரில் கலக்கும். பார்வைக்கு ஏரி கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும். ஏரி மிக மோசமாக இருப்பது அப்போதுதான். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஒன்றுமே இருக்காது.

அதற்காக எங்களிடம் ஒரு நடைமுறை உண்டு. ஊருக்குப் போகிற தண்ணீர் பெரிய கரிப்படுகை வழியாகப் போகிறது, அது பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். டயாலிசிஸ் சென்டருக்கு மட்டும் பழைய தனிக்குழாய். அங்கே இருப்பது சின்ன வடிகட்டி. குடித்தால் வயிறு கொஞ்சம் தடுக்கும், கல்லீரல் கொஞ்சம் தடுக்கும். அங்கே ஒரு தடவைக்கு நூற்றிருபது லிட்டர் தண்ணீர் ரத்தத்தை ஒட்டியே ஓடுகிறது, நடுவில் ஒரு மெல்லிய தாள். அதனால் துத்தம் தூவுவதற்கு முன்னால் சோதனைக்கூடத்திலிருந்து சென்டருக்கு போன் செய்து சொல்ல வேண்டும். அவர்கள் பத்து நாளைக்கு லாரித் தண்ணீர் வரவழைத்துக்கொள்வார்கள். போன் செய்ய வேண்டியவன் நான். கண்காணிப்பாளர் அம்மா பணிக்கு வந்து அப்போது ஏழு மாதம்தான், அவருக்கு இது தெரியாது. என் மேஜைக்கு மேலே சுவரில் அந்த எண் பென்சிலால் எழுதியிருக்கும்.

சனிக்கிழமை காலை படகுத்துறையில் மாப்பிள்ளை மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். துத்தத்தைச் சாக்கில் கட்டிப் படகின் பின்னால் இழுத்துக்கொண்டே போனால் அதுவே கரையும். நான் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். அவர் முகம் வெளிறி வீங்கியிருந்தது. என்றாலும் சிரித்தார்.

“மச்சான், ஜெயிச்சுட்டீங்க போங்க. ஊரு முழுக்க உங்க பேச்சுதான்.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லை” என்றேன்.

“இல்ல, ஒரு விஷயம். ஓடைத் தண்ணி இந்த வருஷம் வரவே இல்லை, கவனிச்சீங்களா? மழை நல்லாத்தானே பெஞ்சுது. எங்கயோ அடைச்சுக்கிட்டிருக்கு போல. திங்கக்கிழமை மிஷின்ல படுத்து எந்திரிச்சிட்டு, செவ்வாய்க்கிழமை மேல போய்ப் பாத்துட்டு வரேன். பாக்காம சொல்லக்கூடாதுல்ல? வைக்கோல் இல்லாததாலதான் வந்துச்சுன்னா நானே மேடம்கிட்டப் போய் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்குறேன்னு சொல்லியிருக்கேன்.”

மிக நியாயமான மனிதர். செவ்வாய்க்கிழமை போவேன் என்றால் போவார். பலகைகளைப் பார்ப்பார். அதற்குப் பிறகு அந்தச் சமையலறையில் என்ன சிரிப்பு சிரிப்பார்கள் என்று எனக்குக் கேட்டது. துத்தத்தைத் துடுப்பால் தட்டிச் சரிசெய்துவிட்டு அவர் நிமிர்ந்து கேட்டார்.

“மச்சான், சென்டருக்குச் சொல்லிட்டீங்கல்ல?”

“சொல்லிட்டேன்” என்றேன்.

“அப்போ சரி” என்று படகைத் தள்ளினார்.

ஒரே ஒரு சொல். உங்கள் எழுத்தர் அதைத் தனி வரியில் எழுதிக்கொள்ளலாம்.

நான் அவரைக் கொல்ல நினைக்கவில்லை. ஒரு வாரம் படுத்தால் போதும் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை போகாமல் இருந்தால் போதும். நீங்கள் கேட்கிறீர்கள், மற்ற பதினொரு பேர்? அவர்களை நான் நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். நினைத்தேன். ஒருவருக்கு மட்டும் தனியாக அந்தத் தண்ணீரை அனுப்ப வழி இல்லை, குழாய் ஒன்றுதான். யார்மீதும் எனக்குக் கோபம் இல்லை. பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் இருந்தார், என்னைப் பார்த்தால் ஏரி எப்படி இருக்கிறது என்று கேட்பார்.

திங்கட்கிழமை ஏரி தெளிந்துவிட்டது. நான் பதிவேட்டில் ‘தெளிவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது உண்மை. அன்று மாலை தங்கை போன் செய்தாள், அவருக்கு வாந்தி, கண் மங்கலாகத் தெரிகிறதாம், அண்ணா ஏதாவது தெரியுமா என்றாள். புழுக்கத்தால் இருக்கும் என்றேன். செவ்வாய்க்கிழமை நான் தண்ணீரில் விஷத்தின் அளவை எடுத்தேன். அளவு நோட்டில் இருக்கிறது, மையால் எழுதியிருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு போனை எடுத்தேன். எடுத்துவிட்டு யோசித்தேன். செவ்வாய்க்கிழமை சொன்னால் சனிக்கிழமை ஏன் சொல்லவில்லை என்பார்கள். வைத்துவிட்டேன். புதன்கிழமை அவர்களெல்லாம் மறுபடி போனார்கள். உடம்பு சரியில்லை என்பதால் கூடுதலாக ஒரு மணி நேரம் வைத்திருந்தார்களாம். வெள்ளிக்கிழமையும் போனார்கள். அதன் பிறகுதான் சென்டரின் டாக்டருக்குத் தண்ணீர்மேல் சந்தேகம் வந்தது. ஆசிரியை ஒன்பதாம் நாள் போனார். மாப்பிள்ளை பத்தொன்பதாம் நாள். பன்னிரண்டில் ஆறு.

ஆஸ்பத்திரியில் அவரைப் போய்ப் பார்த்தேன். உடம்பெல்லாம் மஞ்சள். தங்கை அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவருக்கு அப்போது பேச்சு குழறியது, என்றாலும் என்னைப் பார்த்து அவளிடம் ஏதோ சொன்னார். நான் குனிந்தேன். “மச்சான் போன்லாம் பண்ணிச் சொன்னாரு. சென்டர்லதான் எவனோ தப்புப் பண்ணிட்டான். இவரு மேல பழி வரப்போவுது, நீ விடாத” என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசிவரை எனக்காக வக்காலத்து வாங்கினார். தங்கை தலையாட்டினாள். அவள் விடவில்லை. எனக்காகச் சண்டை போடச் சென்டருக்குப் போயிருக்கிறாள். அண்ணன் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு போன் செய்தான் என்று அவர்களுடைய பதிவேட்டைப் புரட்டியிருக்கிறாள். பிறகு போன் கம்பெனிக்குப் போயிருக்கிறாள். பிறகு, மாப்பிள்ளை பார்க்க நினைத்ததை நாமாவது பார்ப்போம் என்று ஓடை வழியாக மேலே ஏறியிருக்கிறாள்.

என்னிடம் வந்து அவள் கத்தவில்லை. வாசலில் நின்றாள். “அவர் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கத் தயாரா இருந்தாருடா” என்றாள். அவள் என்னை வாடா போடா என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு என் அலமாரியைத் திறந்து பன்னிரண்டு நோட்டுகளையும் எடுத்து, கையில் கொண்டுவந்த பையில் போட்டுக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டாள். அதோ மூலையில் இருக்கிறதே, அந்த வலைப்பைதான். தையல் எங்கேயாவது பிரிந்திருக்கிறதா பாருங்கள்.

நேற்று நீங்கள் அந்த நோட்டுகளை வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டீர்கள். நான் ராத்திரி முழுவதும் அதை யோசித்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிக் கட்டத்துக்கு ‘பழுப்பு’ என்று தலைப்பு இருக்கிறது, ஓடைத் தண்ணீர் ஏரியில் எவ்வளவு பரவியிருக்கிறது என்று தினமும் குறித்திருக்கிறீர்கள், மூன்றாவது வருடத்திலிருந்தே குறித்திருக்கிறீர்கள், உங்கள் மைத்துனர் வாயைத் திறந்ததோ எட்டு வருடம் கழித்து என்றீர்கள். சரிதான். ஏரியில் எது மாறினாலும் குறிப்பது என் வழக்கம். காற்றின் திசையைக்கூடக் குறித்திருக்கிறேன். அதற்கு அர்த்தம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

ஆறாவது வருடத்தில் பத்தொன்பது நாட்களை அடித்துவிட்டு ‘மாதிரி கெட்டுவிட்டது’ என்று எழுதியிருப்பதையும் காட்டினீர்கள். அந்தப் பத்தொன்பது நாளும் ஓடை வறண்டிருந்தது, நாற்பது பை வைக்கோல் ஏரியில் கிடந்தது, அப்படியும் பச்சை ஏறியது என்கிறீர்கள். உங்கள் எழுத்தருக்கு அடித்தலுக்கு அடியில் இருக்கிற எண்ணைப் படிக்கிற பொறுமை இருக்கிறது, பாராட்டுகிறேன். எந்தச் சோதனைக்கூடத்திலும் கெட்ட மாதிரியைக் கழிப்பார்கள். குப்பியைச் சரியாகக் கழுவாமல் இருந்திருப்பார்கள். யார் கழுவினார்கள் என்று கேளுங்கள், மாப்பிள்ளைதான் கழுவினார். நீங்களே சொன்னீர்கள், அவர் குப்பியில் ஒரு நாளும் சேறு வந்ததில்லை என்று. இல்லை, அதைச் சொன்னது நான். சரி.

பிறகு கேட்டீர்கள்: ஏரியைக் காத்தது வைக்கோல்தான் என்று நம்பியிருந்தால், வைக்கோல் இல்லாத வருடம் தானாகவே பச்சை பிடித்திருக்குமே, அந்தப் பலகைகளை ஏன் இறக்கினீர்கள்? நல்ல கேள்வி. ஒரு விஞ்ஞானி கேட்கக்கூடிய கேள்வி. சோதனை என்றால் சுத்தமாக இருக்க வேண்டும், குறுக்கே இன்னொன்று கலக்கக்கூடாது, அதனால் ஓடையை விலக்கினேன் என்று சொல்லலாம் என்று யோசித்தேன். சொல்லிப் பார்த்தேன். எனக்கே திருப்தியாக இல்லை. அந்த இடத்தை வெறுமனே விட்டுவிடச் சொல்லுங்கள், பிறகு நிரப்பிக்கொள்ளலாம்.

மற்றபடி ஒப்புக்கொள்கிறேன். மதகை அடைத்தது நான். போன் செய்யாதது நான். செய்துவிட்டேன் என்று சொன்னது நான். செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் சொல்லியிருக்க முடியும், சொல்லவில்லை. ஆறு பேர், ஏறத்தாழ அல்ல. கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இன்று காலை நீங்கள் கடைசியாகச் சொன்னதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. பலகைகளைப் போன வருடமே தூக்கிவிட்டார்களாம், இந்தக் கோடை ஒரு துரும்பு வைக்கோல்கூடப் போடவில்லையாம், அப்படியும் ஏரி பன்னிரண்டு வருடத்தில் இல்லாத அளவுக்குத் தெளிந்து கிடக்கிறதாம். கிடக்கட்டும். அதை வைத்து அவசரப்பட்டு எதையும் எழுதிவிடாதீர்கள். பதினோரு வருட வைக்கோல் சார். அதன் சாறு அவ்வளவு சீக்கிரம் தண்ணீரை விட்டுப் போகாது.